ஜப்பான்ல ஒரு செமஸ்டர்: டார்மா, ஹோஸ்ட் ஃபேமிலியா?

கேள்வி, 08-05-2025

இன்ஜினியரிங் மூணாவது வருஷம், கோயம்புத்தூர். அக்டோபர்லருந்து பிப்ரவரி வரைக்கும் ஜப்பான்ல எக்ஸ்சேஞ்ச் கிடைச்சிருக்கு, ஊர் மேற்குக் கடற்கரைப் பக்கம் இருக்கற கனசாவா. டார்ம், அதாவது ஸ்டூடண்ட் ஹாஸ்டல் வேணுமா, ஹோஸ்ட் ஃபேமிலி வேணுமான்னு ஃபார்ம்ல டிக் பண்ணச் சொல்றாங்க. சீனியர் ஒருத்தர் சொன்னது, "காசு வாங்கிட்டுத் தங்க வைக்கிறவங்க எப்படிடா குடும்பம் ஆவாங்க, அது பேயிங் கெஸ்ட்தான்". எனக்கும் அப்படித்தான் தோணுது. நான் சுத்த சைவம் வேற. நெஜமா இருந்துட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க.

09-05-2025

நான் இருந்துட்டு வந்தேன். அதே ஊர், அதே மாசங்கள்தான், 2023 அக்டோபர்லருந்து 2024 பிப்ரவரி வரை. சொந்த ஊர் திருநெல்வேலி, சைவக்காரங்க வீடு, முட்டை மட்டும் காலேஜ் சேர்ந்தப்புறம் பழகிக்கிட்டேன்.

ஹோஸ்ட் ஃபேமிலிக்கு டிக் பண்ணுங்க தம்பி. உங்க சீனியர் சொல்றது முழுப் பொய்யும் இல்ல, மொதல்ல கொஞ்ச நாளைக்கு பேயிங் கெஸ்டாத்தான் இருப்பீங்க. அதுலருந்து வெளிய வரணும்னா வீட்டு வேலைல ஒண்ணை உங்க பொறுப்பா கேட்டு வாங்கிக்கணும். இதை விட முக்கியமா சொல்ல என்கிட்ட வேற எதுவும் இல்ல.

09-05-2025, ராத்திரி

விளக்கமா எழுதச் சொல்லிருக்கீங்க. சரி.

நான் இருந்த வீட்ல அப்பா ஒரு கம்பெனில வேலை, அம்மா மருந்துக் கடைல பார்ட் டைம், அப்பாவோட அம்மா எண்பது தாண்டினவங்க. ஒரே பொண்ணு டோக்கியோல வேலைக்குப் போயிருச்சு, அந்தப் பொண்ணோட ரூம்தான் எனக்கு. அப்பாவை ஒதோசான், அம்மாவை ஒகாசான், பாட்டியை ஒபாச்சான்னு கூப்பிடச் சொன்னாங்க, ஆனா பாட்டியை நான் சீக்கிரமே ஆச்சின்னுதான் கூப்பிட்டேன், அவங்களும் அதுக்குத்தான் திரும்பிப் பார்த்தாங்க.

வந்த புதுசுல எதைத் தொட்டாலும் ஒகாசான் "வேணாம் வேணாம், நீ போய்ப் படி"ன்னு வாங்கி வச்சிருவாங்க. தட்டு கழுவப் போனா விடமாட்டாங்க. சாப்பாடு ட்ரேல வரும், நான் சாப்பிடுவேன், நன்றி சொல்லுவேன், மாடிக்குப் போயிருவேன். எல்லாரும் அவ்வளவு அன்பா இருந்தாங்க, ஆனா எனக்கு ராத்திரி தூக்கம் வராது, ஏன்னா எங்க வீட்ல சும்மா உட்கார்ந்து சாப்பிடுறது விருந்தாளிதான், விருந்தாளின்னா கிளம்பிப் போற ஆள்.

மாறினது நவம்பர்ல, மண்ணெண்ணெயால. ஜப்பான்ல பழைய வீடுகள் எல்லாத்தையும் மொத்தமா சூடு பண்ணமாட்டாங்க, ஆள் இருக்கற ரூமை மட்டும்தான், அதுக்கு மண்ணெண்ணெய் ஹீட்டர். வண்டி ஒண்ணு பாட்டுப் போட்டுக்கிட்டு தெருத்தெருவா வரும், 18 லிட்டர் சிவப்பு கேன்ல வாங்கி பின்வாசல்ல வைப்பாங்க, அதுலருந்து கைப்பம்ப்பு போட்டு ஹீட்டர் டேங்க்ல ரொப்பணும். ஆச்சி அந்தக் கேனைக் குனிஞ்சு இழுத்துட்டு இருந்தாங்க, நான் போய் வாங்கிட்டேன், அவங்க தடுக்கல. பம்ப்பை எப்படிப் பிடிக்கணும், எங்க நிறுத்தணும், சிந்தினா எந்தத் துணில துடைக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. மறுநாள் காலைல என்னைக் கூப்பிட்டு டேங்க்கைக் காட்டினாங்க, காலி. அதுலருந்து அது என் வேலை. சாயங்காலம் க்ளாஸ் முடிஞ்சு லேட்டானா "இன்னிக்கு ஹீட்டர்?"னு மெசேஜ் வரும். அந்த மெசேஜைப் பார்த்தா எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லத் தெரியல.

10-05-2025

காசு விஷயம் கேட்டதால. நான் கொடுத்தது மாசம் 70,000 யென், காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் சேர்த்து. அப்ப ஒரு யென் 55 காசு கிட்ட, அதனால 38,500 ரூபாய். டார்ம் இதை விட நல்லா கம்மி. எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தம்னா ஃபீஸ் நம்ம காலேஜ்லயே கட்டினாப் போதும், அங்க கட்ட வேண்டாம். ஜாஸ்ஸோன்ற ஜப்பான் மாணவர் உதவி அமைப்போட உதவித்தொகை கிடைச்சா மாசம் 80,000 யென், அதுல வாடகை போக பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இழுத்துப் பிடிக்கணும். உதவித்தொகை இல்லாம அப்பா அம்மா காசுல போறீங்கன்னா டார்ம் எடுக்கறதுல தப்பே இல்ல, என் பேச்சைக் கேட்டுக் கடன் வாங்காதீங்க.

காசு வாங்கினா குடும்பமாங்கறதுக்கு: அந்த 70,000ல கரண்ட், கேஸ், மண்ணெண்ணெய், எனக்குன்னு தனியா வாங்கற காய், டோஃபு எல்லாம் போனா பெருசா மிஞ்சாது. ஒதோசான் மாசா மாசம் அந்தக் கவரை ரெண்டு கையாலயும் வாங்கி, என் கண் முன்னாடி எண்ணாம, ஆச்சி ரூம்ல இருக்கற புத்த பீடத்துக்கு முன்னாடி வச்சிட்டுத்தான் எடுப்பார். நம்ம வீட்ல மொத சம்பளத்தை சாமி முன்னாடி வைக்கறோமே, அப்ப அது வெறும் காசா?

10-05-2025

அந்தப் பீடம்னதும் ஞாபகம் வருது. கனசாவா இருக்கற ஹொக்குரிக்கு பக்கம் முழுக்க ஜோதோ ஷின்ஷூன்ற பௌத்தப் பிரிவு ரொம்ப ஆழமா வேரூன்றினது, 1488லருந்து 1580 வரைக்கும் கிட்டத்தட்ட நூறு வருஷம் அந்தப் பிரிவோட விவசாயிகளும் துறவிகளும் சின்ன ஜமீன்களும் சேர்ந்து கனசாவாவைச் சுத்தின காகா சீமையையே கையில வச்சிருந்தாங்க. ஜப்பானோட தங்க ரேக்கு கிட்டத்தட்ட எல்லாமே கனசாவாலதான் அடிக்கறாங்க, அதனால வீட்டுப் பீடமும் உள்ள தகதகன்னு இருக்கும். காலைல சோறு வடிச்சதும், அதாவது குக்கர் திறந்ததும், மொதக் கரண்டி பீடத்துக்கு. திருநெல்வேலில எங்க ஆச்சி காக்காவுக்கு வச்சிட்டுத்தான் எங்களுக்குப் போடுவாங்க, அதே முகம், அதே அவசரம். ஜனவரிக்கு அப்புறம் அந்தச் சோறு வைக்கற வேலையும் சில நாள் எனக்கு வந்துச்சு. அதைப் பின்னாடி சொல்றேன்.

12-05-2025

சைவம். இதுக்குத்தான் நிறைய பேர் கேட்டிருக்கீங்க, கொஞ்சம் நீளமா எழுதறேன்.

கறி, மீன் கண்ணுக்குத் தெரியுது, தள்ளி வச்சிரலாம். பிரச்சினை தாஷி. மிசோ சூப், வேக வச்ச காய், நூடுல்ஸ் குழம்பு, சில சமயம் முட்டை ரோல் வரைக்கும் அடில இருக்கற சாறு காஞ்ச பொனிட்டோ மீன் சீவல்லயோ குட்டி நெத்திலிலயோ எடுத்தது. நட்டோ, அதான் புளிக்க வச்ச சோயா, அந்தப் பாக்கெட்ல இருக்கற சின்ன சாஸ்லயும் அது உண்டு. கடைல விக்கற கறி ரூ கட்டி, அதான் ஜப்பான் கறி சாதத்துக்குப் போடுறது, அதுல பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்னிக் கொழுப்போ இருக்கும், "காய்கறி கறி"ன்னு சொல்லிக் கொடுத்தாலும். பாக்கெட்ல அலர்ஜி பொருள் எழுதணும்னு சட்டம் இருக்கு, ஆனா கட்டாயப் பட்டியல்ல இறால், நண்டு, வால்நட், கோதுமை, பக்வீட், முட்டை, பால், வேர்க்கடலை இந்த மாதிரி சிலதுதான், மீன் அதுல இல்ல. அதனால பட்டியலைப் பார்த்து "மீன் போடலை, ஓகே"ன்னு நம்பிராதீங்க, சேர்மானம் முழுசாப் படிக்கணும்.

"நான் வெஜிடேரியன்"னு மட்டும் சொன்னா அவங்களுக்கு இது ஒண்ணும் தெரியாது. நான் என்ன பண்ணேன்னா கிளம்பறதுக்கு முன்னாடியே ஜப்பானீஸ் டீச்சர் உதவியோட ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன், என்ன சாப்பிடமாட்டேன்னு ரெண்டு வரி, என்ன சாப்பிடுவேன்னு பத்து வரி. சாப்பிடறதை நீளமா எழுதணும், அதுதான் சமைக்கறவங்களுக்கு உதவும். கொம்பு கடல்பாசியும் காஞ்ச ஷிதாக்கே காளானும் ஊற வச்சு எடுக்கற தாஷி சுத்த சைவம், கோயில் மடங்கள்ல ஷோஜின் சமையல்னு காலங்காலமா அதுலதான் சமைக்கறாங்க, அதனால ஒகாசானுக்கு அந்த வழி தெரிஞ்சிருந்தது. கொம்பு ஹொக்கைடோல விளையறது, எடோ காலத்துல கித்தமாயே கப்பல்கள் அதை மேற்குக் கடற்கரை வழியா இந்தப் பக்கம் கொண்டு வந்து இறக்கிட்டுப் போகும், அதனால இந்த ஊர்க்காரங்களுக்கு கொம்பு மேல தனிப் பிரியம். நான் அங்க வந்து சேர்ந்த அப்புறம் அந்த வீட்ல எல்லாருக்குமே கொம்பு தாஷி மிசோ சூப்தான், ரெண்டு பானை வைக்க வேண்டாமேன்னு. நவம்பர்ல நண்டு சீசன் ஆரம்பிச்சதும் அவங்க நண்டு சாப்பிடுவாங்க, என் தட்டுல அந்த ஊர்த் தாமரைக் கிழங்கு, அது அவ்வளவு மாவா, இழுபட்டு, நம்ம சேப்பங்கிழங்குக்குப் பக்கத்துல வரும்.

நான் சமைச்சது? சாம்பார் எடுபடல, பெருங்காய வாசம் ஒதோசானைப் பின்வாசலுக்கு அனுப்பிருச்சு. எடுபட்டது சொதி! தேங்காய்ப்பால் டின் சூப்பர் மார்க்கெட்ல கிடைக்கும், பாசிப்பருப்பு நான் கொண்டு போனது, முருங்கைக்காய்க்கு எங்க போக, உருளை, கேரட், பீன்ஸ், அப்புறம் அந்தத் தாமரைக் கிழங்கு. காரம் கம்மி, புளி கிடையாது, கடைசில எலுமிச்சை. ஆச்சி ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்க. அந்த ஊர் அரிசி குட்டையா ஒட்டற அரிசி, புளியோதரைக்கு ஆகவே ஆகாது, தயிர் சாதத்துக்கு அதை விட நல்ல அரிசி நம்ம ஊர்லயே இல்லைன்னு சொல்லுவேன். அங்க தயிர் புளிக்காது, ஒரு ராத்திரி ஹீட்டர் பக்கத்துல வைங்க.

12-05-2025

ஆமா, சுத்த சைவம்னா முட்டையும் வேண்டாம்னு லெட்டர்ல தெளிவா எழுதிருங்க. எழுதலைன்னா வரும்.

15-05-2025

குளியல் பத்தி ஒருத்தர் பயந்து கேட்டிருக்கார். பயப்பட எதுவும் இல்ல. தொட்டிக்கு வெளிய உட்கார்ந்து சோப்புப் போட்டு, தலை அலசி, நுரை ஒரு துளி இல்லாம கழுவிட்டு அப்புறம்தான் தொட்டிக்குள்ள இறங்கணும். தொட்டித் தண்ணி வீட்ல எல்லாருக்கும் ஒரே தண்ணி, அதனால இறங்கிக் குளிக்கறது அழுக்கு போகறதுக்கு இல்ல, உடம்பு சூடேறத்தான். எழுந்ததும் மேல மூடி போடணும், சூடு போயிரும். கடைசி ஆள் போனப்புறமும் தண்ணியைத் திறந்து விடாதீங்க, மறுநாள் அதை ஒரு குட்டி பம்ப்பு வச்சு வாஷிங் மெஷினுக்கு இழுத்துத் துணி துவைப்பாங்க. விருந்தாளிக்கு மொத முறை கொடுப்பாங்க. நான் ரொம்ப நாள் மொதல்ல போய்ட்டு இருந்தேன். டிசம்பர்ல ஒரு நாள் ஒகாசான், "ஒதோசானுக்கு இன்னிக்கு முதுகுவலி, நீ அப்புறம் போறியா?"ன்னாங்க. வரிசை மாறினதை நான் அன்னிக்கு ராத்திரியே ஊருக்கு ஃபோன் பண்ணி எங்க அம்மாகிட்ட சொன்னேன். அம்மாவுக்குப் புரிஞ்சுது.

16-05-2025

"வேலை கேளுங்க"ன்னு மேல எழுதினதுக்கு ஒருத்தர் "காசும் கொடுத்து வேலையும் செய்யணுமா"ன்னு கேட்டிருக்கார். நியாயமான கேள்விதான். வீட்டு வேலை மொத்தத்தையும் தலைல கட்டற வீடு இருந்தா அங்கருந்து வந்திரணும். என் கூடப் படிச்ச வேற நாட்டுப் பொண்ணுக்கு அமைஞ்ச வீடு அதுக்கு நேர் எதிர், அடுப்பைத் தொடக் கூடாது, ஒன்பது மணிக்கு மேல கீழ இறங்கக் கூடாது, ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டு மட்டும் அவளுக்கு, ஆனா சாப்பிடும்போது குழந்தைங்களோட இங்கிலீஷ் மட்டும் பேசணும். அவ வீட்டை மாத்திக் கேட்டா, மாத்திக் கொடுத்தாங்க. மொத மாசத்துலயே கேட்கணும், அப்புறம் செமஸ்டர் நடுவுல ஆள் பிடிக்கறது கஷ்டம்.

நான் சொல்றது ஒரே ஒரு வேலை. சின்னதா, தினம் வர்றதா, நீங்க செய்யலைன்னா வீட்டுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு. எனக்கு மண்ணெண்ணெய்க்கு அப்புறம் வந்தது கைரன்பான். தெருச் சங்கத்தோட நோட்டீஸ் எல்லாம் ஒரு அட்டைல கிளிப் போட்டு வரும், படிச்சிட்டுப் பேர்க் கட்டத்துல முத்திரை போட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்கணும். குப்பை எந்த நாள், கரடி எங்க பார்த்தாங்க, யார் வீட்டு முறை குப்பைக் கூண்டைக் கழுவ, எல்லாம் அதுல. கரடின்னதும் சிரிக்காதீங்க, 2023 இலையுதிர் காலத்துல ஜப்பான் முழுக்கக் கரடித் தாக்குதல் ரொம்ப அதிகம், நம்ம யூனிவர்சிட்டி வளாகம் இருக்கற ககுமா மலைப் பக்கமும் எச்சரிக்கை போர்டு இருக்கும். அந்த அட்டையை எடுத்துட்டுப் பக்கத்து வீட்டுக்கு நடந்ததுலதான் எனக்குத் தெருவே தெரிய வந்துச்சு. க்ளாஸ்ல படிச்ச ஜப்பானீஸ் பரீட்சைக்கு ஆச்சு, பேச்சு வந்தது பக்கத்து வீட்டு வாசல்ல.

19-05-2025

குளிருக்கு என்ன எடுத்துட்டுப் போகன்னு கேட்டீங்க. ஸ்வெட்டரை விட முக்கியம் குடையும் தண்ணி புகாத ஷூவும். சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதேன்னு அந்த ஊர்ல ஒரு சொலவடையே இருக்கு. நவம்பர் கடைசிலருந்து ஒரே நாள்ல வெயில், மழை, ஆலங்கட்டி, இடி. ஜப்பான்லயே இடி அதிகமா இடிக்கற ஊர்கள்ல அது ஒண்ணு, அதுவும் குளிர்காலத்துல! சைபீரியாலருந்து வர்ற குளிர் காத்து கடல் மேல வந்து ஈரத்தை அள்ளிட்டு மலைல முட்டறதுதான் காரணம். கென்ரொக்குவென் தோட்டத்துல நவம்பர் 1லருந்து பைன் மரக் கிளைகள் பனி பாரத்துல முறியாம இருக்க உச்சிலருந்து கயிறு கட்டுவாங்க, மொதல்ல கராசாக்கி பைன் மரம். போய்ப் பாருங்க, நான் அரை நாள் க்ளாஸை விட்டுட்டு நின்னு பார்த்தேன். ரோட்டு நடுவுல குழாய் வச்சு நிலத்தடித் தண்ணி பீச்சிப் பனியைக் கரைப்பாங்க, தண்ணில இரும்பு இருக்கறதால ரோடு செம்மண் நிறத்துல இருக்கும், ஷூ நனையறதும் அதுலதான். தெர்மல் இங்க வாங்காதீங்க, அங்க நல்லதா கிடைக்கும்.

19-05-2025

ரெசிடென்ஸ் கார்டு இறங்கற ஏர்போர்ட்லயே கொடுப்பாங்களான்னு கேட்டவருக்கு: வெளிநாட்டுக்காரங்களுக்கான அடையாள அட்டைதான் அது, பெரிய ஏர்போர்ட்கள்ல கையோட கொடுப்பாங்க. வீட்டுக்குப் போனதுலருந்து 14 நாளுக்குள்ள நகராட்சில முகவரி பதியணும், அதே நாள்ல தேசிய மருத்துவக் காப்பீடும் போட்டுருங்க, ஆஸ்பத்திரிச் செலவுல நீங்க கொடுக்கறது 30 சதவீதம்தான். பார்ட் டைம் வேலைக்குத் தனி அனுமதி, வாரம் 28 மணி நேரம் வரை. ஒகாசான் லீவு போட்டுக் கூட வந்தாங்க.

24-05-2025

நிலநடுக்கம் பத்தி ரெண்டு பேர் கேட்டாச்சு, எழுதாம தள்ளிப் போட்டுட்டு இருந்தேன்.

2024 ஜனவரி 1. ஜப்பான்ல புத்தாண்டுதான் பெரிய நாள், நம்ம பொங்கல் தீபாவளி சேர்ந்தது. டோக்கியோலருந்து பொண்ணு வந்திருந்தாங்க, நான் ஆச்சி ரூம்ல படுத்துக்கிட்டேன். காலைல கோயில், அப்புறம் அடுக்கு டப்பால வச்ச ஓசேச்சி சாப்பாடு, எனக்குன்னு கருப்பு உளுந்து மாதிரி இருக்கற இனிப்பு சோயாவும் வள்ளிக்கிழங்கு மசியலும் தனி அடுக்கு. சாயங்காலம் எல்லாரும் கோதாட்சுன்ற ஹீட்டர் வச்ச மேஜைக்கடியில காலை நீட்டி டிவி பார்த்துட்டு இருக்கும்போது 4.06க்குச் சின்னதா ஒண்ணு ஆட்டிச்சு. ஒதோசான் "நோத்தோ"ன்னார். கனசாவாவுக்கு வடக்க இருக்கற நோத்தோ தீபகற்பத்துல அதுக்கு முந்தின சில வருஷமாவே ஆடிக்கிட்டு இருந்தது. நாலு நிமிஷம் கழிச்சு எல்லாரோட ஃபோனும் ஒண்ணா அலறிச்சு, அப்புறம் வீடே.

அளவு 7.6. கனசாவால அவங்க கணக்குப்படி தீவிரம் 5ல மேல் படி, நோத்தோல 7, அதுக்கு மேல அளவே கிடையாது. நிக்க முடியல. ரொம்ப நேரம் ஆடிச்சு. ஆச்சியை நான் பிடிச்சுட்டு இருந்தேனா ஆச்சி என்னைப் பிடிச்சுட்டு இருந்தாங்களான்னு தெரியல. அலமாரி ஒண்ணு சாய்ஞ்சுது, மூணு தட்டு போச்சு, ஹீட்டர் தானா அணைஞ்சிருச்சு, ஆட்டம் வந்தா அணையற மாதிரி வச்சிருக்காங்க. டிவில அறிவிப்பாளர் கத்திக்கிட்டே இருந்தாங்க, பெரிய சுனாமி எச்சரிக்கை, கடற்கரைல இருக்கறவங்க உடனே ஓடுங்கன்னு. 2011க்கு அப்புறம் அந்த அளவு எச்சரிக்கை அன்னிக்குத்தான். ஊர்ல அப்ப மதியம் 12.40. சுனாமின்ற சொல் எங்க அம்மா காதுல விழுந்தா 2004தான். ஃபோன்ல அம்மா அழறாங்க, ஒகாசான் என் கையிலருந்து ஃபோனை வாங்கி, ஒருத்தருக்கு ஒருத்தர் பாஷை தெரியாம, "தைஜோபு, தைஜோபு"ன்னு, அதாவது ஒண்ணும் இல்லைன்னு, சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அம்மா அமைதியானாங்க.

ஆச்சியோட தங்கச்சியும் அவங்க வீட்டுக்காரரும் இருந்தது நோத்தோல இருக்கற வாஜிமால. ராத்திரி முழுக்க லைன் கிடைக்கல. டிவில வாஜிமா காலைச் சந்தை எரிஞ்சுட்டு இருந்தது, 240 கட்டடம் கிட்ட சாம்பல். யாரும் படுக்கல. ஆச்சி பீடத்துக்கு முன்னாடி உட்கார்ந்தவங்க எழுந்திரிக்கல, நான் பின்னாடி உட்கார்ந்துட்டு எனக்குத் தெரிஞ்ச தேவாரத்தை மனசுக்குள்ள சொல்லிட்டு இருந்தேன். அதுக்கு மறுநாள்தான் சேதி வந்துச்சு, ரெண்டு பேரும் பள்ளிக்கூட முகாம்ல இருக்காங்க, வீடு விழுந்திருச்சு.

25-05-2025

நேத்து மிச்சத்தை எழுத முடியல.

ஜனவரி நடுவுல அந்தச் சின்ன ஆச்சியும் அவங்க வீட்டுக்காரரும் எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. அப்ப நோத்தோலருந்து ஆயிரக்கணக்கான பேர் கனசாவாவுக்கு வந்துட்டு இருந்தாங்க, பெரிய விளையாட்டு அரங்கத்துக்குள்ள வரிசையாக் கூடாரம் போட்டு வச்சிருந்தாங்க. வீட்ல ரூம் இல்ல. என்னைப் பார்த்துக்கற ஒருங்கிணைப்பாளர் ஃபோன் பண்ணி, டார்ம்ல ஒரு ரூம் இருக்கு, வேணா மாறிக்கலாம்னு சொன்னார். மாறறதுதான் சரின்னு எனக்குத் தோணிச்சு, ஒகாசான்கிட்ட சொன்னேன். அவங்க வேண்டாம்னாங்க. என் ரூமை அவங்க ரெண்டு பேருக்கும் கொடுத்துட்டு நான் ஆச்சி ரூமுக்கு மெத்தையை இழுத்துட்டுப் போயிட்டேன்.

ஒகாசான் வேண்டாம்னது மரியாதைக்கா, நெஜமாவான்னு நான் எத்தனையோ ராத்திரி யோசிச்சிருக்கேன். ஜப்பான்ல வெளிய போகச் சொல்லி யாரும் சொல்லமாட்டாங்க, நம்ம ஊர்லயும்தான். இன்னொரு குடும்பம் துக்கத்துல இருக்கும்போது வெளியாள் ஒதுங்கி வழி விடணும்னு எங்க அப்பாவும் ஃபோன்ல சொன்னார். எனக்கு விடை கிடைச்சது ஃப்ரிட்ஜ் கதவுல. ஒகாசான் ஒரு தாள்ல யார் யாருக்கு என்ன வேலைன்னு எழுதி ஒட்டினாங்க, என் பேருக்கு நேரா மண்ணெண்ணெய், அட்டை, குளியல் தொட்டி, காலைச் சோறு, பீடத்துச் சோறு. ஒகாசானும் ஒதோசானும் லீவு கிடைக்கறப்பல்லாம் தண்ணி கேனும் டயப்பரும் ஏத்திட்டு நோத்தோ போனாங்க, ரோடு பிளந்து கிடந்ததால ரெண்டு மணி நேர வழி நாள் பூரா ஆகும், அங்க மாசக்கணக்கா குழாய்ல தண்ணி வரல. அவங்க வர்ற வரைக்கும் வீட்ல மூணு வயசானவங்களும் நானும். நான் டார்முக்குப் போயிருந்தா அந்த வீடு தடுமாறியிருக்கும். மரியாதைக்காக யாரும் ஒருத்தருக்கு அஞ்சு வேலை எழுதமாட்டாங்க.

அந்தச் சின்ன ஆச்சியோட வீட்டுக்காரர், பெரியவர், வாஜிமா அரக்குப் பாத்திர வேலைக்காரர். கை சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சிரும்னு சொல்லுவார். அவருக்கும் தாள்ல வேலை இருந்தது, காய் நறுக்கறது. என் சொதிக்கு அவர் நறுக்கின பீன்ஸ் எல்லாம் அச்சுல வார்த்தது போல ஒரே அளவு.

26-05-2025

தம்பி, இதைப் படிச்சு உங்க வீட்ல பயந்துட்டாங்கன்னு எழுதிருக்கீங்க. அப்பா அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க: டார்ம்ல இருந்த பசங்களும் பத்திரமாத்தான் இருந்தாங்க, மைதானத்துல கூடி ராத்திரி உள்ள போனாங்க, அடுத்த நாளே ரயில் ஓட ஆரம்பிச்சிருச்சு. கனசாவால கோட்டையோட கல் சுவர்கள் சில இடத்துல சரிஞ்சுது, மலைச் சரிவுல கொஞ்சம் வீடுகள் போச்சு, ஊர் நின்னுச்சு. ஹோஸ்ட் வீட்ல இருந்தா கூடுதலா ஒண்ணு, என்ன பண்ணணும்னு உடம்புல ஊறினவங்க நாலு பேர் பக்கத்துல இருப்பாங்க.

03-06-2025

அந்த வீட்ல எல்லாம் அருமைன்னு நினைச்சுராதீங்க. ஒதோசான் வாரக்கணக்கா என்கிட்ட ஒரு வாக்கியத்துக்கு மேல பேசினதில்ல, களைச்சு வருவார், சாப்பிடுவார், தூங்கிருவார். ராத்திரி வெளிய ஃப்ரெண்ட்ஸோட சுத்தணும்னா கடைசி பஸ் கணக்குப் பார்க்கணும், சாப்பிட வரலைன்னா மத்தியானத்துக்குள்ள சொல்லணும். கூடப் படிச்ச பல நாட்டுப் பசங்க டார்ம் கிச்சன்ல கூடிப் பேசினதெல்லாம் எனக்குக் கிடைக்கல, அது எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். உங்களுக்கு அதுதான் வேணும்னா டார்ம் எடுங்க, நெஜமா சொல்றேன். நாலு பேர் சாப்பிடற நேரத்துக்கு வீட்ல இருக்க முடியாதுன்னா ஹோஸ்ட் ஃபேமிலி அவங்களுக்கும் கஷ்டம் உங்களுக்கும் கஷ்டம்.

03-06-2025

இப்பவும் பேசறேனான்னு கேட்டீங்க. ஞாயித்துக்கிழமைல பேசுவோம். 2024 செப்டம்பர்ல நோத்தோல பெருமழை, வாஜிமால தற்காலிக வீடுகளுக்குள்ளயே வெள்ளம் புகுந்துச்சு, அந்தச் சின்ன ஆச்சி வீடும் அதுல ஒண்ணு. ஒரே வருஷத்துல ரெண்டு தடவை. ஃபோன்ல பெரியவர் சொன்னது, கருவியை மேல் தட்டுல வச்சிருந்தேன், நனையலன்னு. அன்னிக்கு எனக்கு வேலையே ஓடல.

21-06-2025

ஹோஸ்ட் ஃபேமிலிக்கு டிக் பண்ணிட்டேன்னு தம்பி எழுதிருக்கார். ரொம்ப சந்தோஷம்!

இப்ப செய்ய வேண்டியது. சாப்பாட்டு லெட்டரை இந்த மாசமே எழுதி அனுப்புங்க, வேணும்னா என்னோடதை அனுப்பறேன், முட்டை வரியை மட்டும் மாத்திக்கோங்க. பெருங்காயம் காத்துப் புகாத டப்பால எடுத்துட்டுப் போங்க. கறிவேப்பிலைச் செடி, பச்சை இலை, பழம் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க, செடி கொடிக்குத் தாவர நோய்ச் சோதனை உண்டு, சான்றிதழ் இல்லாம விடமாட்டாங்க. பரிசுன்னு பெருசா வேண்டாம், உங்க ஊர் மைசூர்பாக் போதும், நெய் போட்டதுன்னு ஒரு சீட்டுல எழுதிருங்க. அப்புறம் வீட்டுக்குப் போனதும் பின்வாசல்ல சிவப்பு கேன் இருக்கான்னு பாருங்க.